டிரையர் கம்பெனிக்கு வந்த முன்னத்தவங்க

ஈஸ்வரமூர்த்தியின் கதை கம்பெனி வெப்சைட்டில் ஏறிய மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஈஸ்வரமூர்த்தியே வந்து வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சாக்கு, சாக்குக்குள் கறுத்துப்போன முருங்கைக்கீரை, சந்தனக் கலர் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை, கண்கள் இரண்டும் திறந்தது திறந்தபடி. பெருக்க வந்த அம்மாள் அவர் காலைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனாள். கோகிலவாணி வணக்கம் சொல்லி, "என்னங் சார், மூலனூர்லருந்து இத்தன வெள்ளனமே?" என்று கேட்டாள்.

"காயப்போடற கீரையில நாலுல ஒரு பங்குதானுங் பச்சை மாறாமத் தேறுது. மிச்சமெல்லாம் கறுத்துப்போகுது" என்றார் அவர்.

அது முந்தாநாள் அவளே எழுதிய வாக்கியம். அவர் வாயில் போட்டு எழுதியது. கோகிலவாணி வெளியே வந்து மூலனூருக்குப் போன் அடித்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்த ஈஸ்வரமூர்த்தியின் குரலுக்குப் பின்னால் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"நான் இங்க பேக்கிங்ல நிக்கறனுங் அம்மணி."

"அப்படின்னா இங்க வந்து உக்காந்திருக்கறது யாருங்?"

எதிர்முனையில் மிஷினை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "சட்டை என்ன கலருங்?" என்று கேட்டார். சொன்னாள். "அது நாந்தானுங். மிஷின் வாங்கறதுக்கு முன்னத்த நானு. காத்தால இருந்து நெஞ்சு நெம்ப லேசா இருக்குதேன்னு இப்பத்தான் நெனச்சனுங். சாப்பட ஏதாச்சும் குடுங்க, பாவம்" என்றார்.

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் இருந்தது சென்னியப்பா டிரையர்ஸ். தேங்காய்ப் பருப்பையும் கீரையையும் மிளகாயையும் வெயிலை நம்பாமல் காயவைக்கிற மிஷின் செய்கிற கம்பெனி. முதலாளி சென்னியப்பன் தன் கையால் முதல் மிஷினை வெல்டிங் வைத்தவர், பேச்சு வராதவர், அதனால்தான் பேசுவதற்கென்று கோகிலவாணியைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். அவள் எட்டு வருஷம் ஒரு மாலைப் பத்திரிகையில் நிருபராக இருந்தவள். பத்திரிகை மூடிய பிறகு இந்த வேலைக்கு வந்தாள். மிஷின் வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய், அவர்கள் கதையைக் கேட்டு, வெப்சைட்டில் போட வேண்டும். கோயமுத்தூரிலிருந்து ஒரு ஆலோசகர் வந்து எப்படி எழுத வேண்டும் என்று அரைநாள் வகுப்பெடுத்தார். பிரச்சினை, தீர்வு, பலன் என்று மூன்று பாகம் வேண்டும். தலைப்பில் ஒரு எண் வேண்டும். வாடிக்கையாளர் சொந்த வாயால் சொன்னதுபோல நாலு வரி வேண்டும். மிஷின் பக்கத்தில் நின்று சிரிக்கிற படம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, முன்னாடி எவ்வளவு இருட்டோ பின்னாடி அவ்வளவு வெளிச்சம், அதை மறக்கக்கூடாது என்றார்.

ஆனால் அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு இருட்டைச் சொல்லத் தெரியாது. வீடு முழுகிப்போனாலும் "சித்த சிரமந்தானுங்" என்பார்கள். ஈஸ்வரமூர்த்தியும் "கொஞ்ச நாளு தூக்கம் சரியில்லீங்" என்றுதான் சொன்னார். அதைக் கோகிலவாணி "மாதக்கணக்கில் அவர் கண் மூடவில்லை" என்று எழுதினாள். "டீ குடிக்கவும் நேரமில்லை" என்று அவளாகவே ஒன்றைச் சேர்த்தாள். எழுதியபோது கை கூசவில்லை, நன்றாக வந்திருக்கிறது என்றுகூடத் தோன்றியது.

இப்போது அவர் எதிரே உட்கார்ந்திருந்தார், கண் மூடாமல். சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடை வைத்திருந்த மயில்சாமி காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்று டீ கொண்டுவந்து வைத்தார். டீ ஆடை கட்டி ஆறிப்போனதே தவிர டம்ளரில் ஒரு சொட்டும் குறையவில்லை. நாலாம் நாள் மயில்சாமி, "குடிக்காட்டிப் போகுதுங், மனுசன் உக்காந்திருக்கறப்ப முன்னால டம்ளரு இல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லி, அதன் பிறகு ஒருநாளும் நிறுத்தவில்லை.

அடுத்த கதை ஏறியபோது அடுத்தவர் வந்தார், அதற்கடுத்த கதைக்கு அதற்கடுத்தவர் வந்தார். மிளகாய் வியாபாரி ஒருவர், மஞ்சள் வேகவைக்கிற அண்ணன் தம்பி இருவர் என்று வந்தவர்களெல்லாம் அவரவர் சாக்கோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். ஊர்க்காரர்கள் அவர்களுக்கு முன்னத்தவங்க என்று பேர் வைத்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, வந்து போகிறவர்கள் என்று எழுதிக்கொண்டு போனார். அவர்கள் போகவில்லை என்பது அவருக்கும் தெரியும். மாகாளியம்மன் கோயிலில் அன்னதானம் போட்டபோது, முன்னத்தவர்களுக்கு இலை போடுவதா வேண்டாமா என்று பேச்சு வந்து, பசித்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நாம் சாப்பிட முடியாது, போடுங்கள் என்று முடிவாகி, கம்பெனி வாசலிலேயே வாழையிலை விரித்தார்கள். பள்ளிக்கூட வேனில் போகிற பிள்ளைகள் கை காட்டின. முன்னத்தவர்கள் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனால் அவர்கள் பக்கமாகக் கடந்து போகிறவர்களுக்குத் தங்கள் வீட்டில் எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்ததுபோல ஒரு பதற்றம் அடிவயிற்றில் ஏறும், பத்தடி தள்ளிப் போனதும் இறங்கிவிடும். அதற்காக யாரும் சுற்றிக்கொண்டு போகவில்லை. மிஷின் பார்க்க வந்தவர்கள் மட்டும் அந்தப் பத்தடியைக் கடந்து உள்ளே வந்ததும் விலை பேசாமல் ஆர்டர் கொடுத்தார்கள். சென்னியப்பன் வரவேற்பறையில் இன்னொரு மின்விசிறி மாட்டினார்.

கோகிலவாணியால் அந்தக் கண்களைப் பார்க்க முடியவில்லை. ஒருநாள் காலை பத்தரை மணிக்கு, யாரையும் கேட்காமல், "மாதக்கணக்கில் கண் மூடவில்லை" என்பதை அடித்துவிட்டு "கொஞ்ச நாள் தூக்கம் சரியில்லை" என்று அவர் சொன்னபடியே மாற்றினாள். டீ குடிக்க நேரமில்லை என்பதையும் எடுத்தாள். வெளியே வந்து பார்த்தபோது ஈஸ்வரமூர்த்தி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சாக்கைத் தலைக்கு வைத்து, கால்களைச் சுருக்கி, அந்த நீள நாற்காலியிலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அன்று முழுக்க ஒர்க் ஷாப்பில் யாரும் சுத்தியல் எடுக்கவில்லை. சென்னியப்பன்கூடச் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

பூங்கொடியின் கதை ஏறியது ஐப்பசி பிறந்த பிறகு.

பூங்கொடிக்கு வெள்ளகோவில் பக்கம் உலர்களம். தேங்காயை உடைத்து வெயிலில் பரப்பிக் கொப்பரையாக்குகிற களம். மழையில் ஒருமுறை நனைந்தால் பருப்பில் பூசணம் பிடித்துவிடும், அத்தனை நாள் பாடும் போய்விடும். அதனால் அவளும் அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவும் பத்தொன்பது வருஷம் வானத்தைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தார்கள். நாலு வருஷத்துக்கு முந்திய ஒரு ஐப்பசியில் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தபோது நாச்சிமுத்து மேல் இடி விழுந்தது. முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் பூங்கொடி மிஷின் வாங்கினாள். இதையெல்லாம் அவள் மூன்று மணி நேரம் கோகிலவாணியிடம் சொன்னாள். சாவு வேண்டாம் என்று சென்னியப்பன் சொன்னார், ஆலோசகரும் சொன்னார். கோகிலவாணி ஒன்றரைப் பக்கம் எழுதினாள். வருகிறவர்களிடமெல்லாம் கணவன் மழை வருமா என்று கேட்பான், மேகம் கறுத்தால் கணவனும் மனைவியும் சோற்றுத்தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் என்று முதல் பாகத்தில் இருந்தது. இன்று மழை பெய்தாலும் பூங்கொடி கவலைப்படுவதில்லை என்று கடைசிப் பாகத்தில் இருந்தது. நடுவில் அந்தக் கணவன் எங்கே போனான் என்று படித்தவர்கள் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை இரண்டு பேர் வந்தார்கள். வரவேற்பறைக்குள் வரவில்லை. கம்பெனிக்குப் பின்னால், மிஷின்களைச் சோதித்துப் பார்க்கிற சிமெண்டுத் தளத்தில், நீலத் தார்ப்பாயை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இருவரின் துணியும் கழுத்தோரம் நனைந்திருந்தது. முகம் இரண்டும் வானத்தைப் பார்த்திருந்தன. ஒரு மேகம் சூரியனைத் தொட்டதும் வெறும் தளத்தின் மேல் ஓடி ஓடித் தார்ப்பாயை விரித்தார்கள், மேகம் விலகியதும் சுருட்டினார்கள், மறுபடி விரித்தார்கள். யாராவது சோறு கொண்டுவந்து கொடுத்தால் தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு ஓடினார்கள். இரண்டாம் நாளே ஒர்க் ஷாப்பில் வேலை செய்கிற பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் போய் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். இல்லாத கொப்பரையின் மேல் தார்ப்பாயை இறக்கும்போது அடியில் ஏதோ மேடுபள்ளமாகத் தட்டுப்படுகிறது என்று சொன்னார்கள். மெதுவாக இறக்கினார்கள்.

வியாழக்கிழமை பத்து இருபது பஸ்ஸில் பூங்கொடி வந்து இறங்கினாள். கையில் தூக்குப்போசி, அதில் அரிசியும் பருப்புமாக ஆக்கிய சாதம். யாரிடமும் எதுவும் கேட்காமல் நேரே பின்பக்கம் போனாள். கோகிலவாணி பின்னாலேயே ஓடினாள்.

நாச்சிமுத்து வானத்திலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். நாலு வருஷத்து நரையையும் வெறும் நெற்றியையும் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் பேசுகிற மரியாதையோடு, "வாங்கம்மணி. மழ வருமாட்ட இருக்குதுங்களா?" என்று கேட்டார். அவருக்குப் பக்கத்தில் குங்குமத்தோடு நின்ற பூங்கொடியும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வானத்துக்குத் திரும்பிக்கொண்டாள்.

"இல்லீங். இன்னைக்கு வராதுங்" என்றாள் பூங்கொடி.

அதிலிருந்து தினமும் வந்தாள். தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, அந்த இருவரும் ஓடுவதையும் விரிப்பதையும் சுருட்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசிப் பஸ்ஸுக்குப் போனாள். பத்தாம் நாள் ஈரோட்டில் நர்சிங் படிக்கிற அவள் மகள் சங்கவி கோகிலவாணிக்குப் போன் செய்தாள். "அக்கா, அம்மா மிஷின் பக்கமே போறதில்லீங்க. தேங்கா ஒடச்சது ஒடச்சபடி கெடக்குது. நான் போன்ல பேசுனா வானத்தப் பாத்துட்டே பேசற மாதிரி இருக்குதுங்க." கோகிலவாணி வெப்சைட்டைத் திறந்து பார்த்தாள். மிஷின் பக்கத்தில் பூங்கொடி நின்று சிரிக்கிற படத்தில் மிஷின் தெளிவாக இருந்தது. பூங்கொடி இருந்த இடத்தில் அவளுக்குப் பின்னாலிருந்த சுவரின் செங்கல் லேசாகத் தெரிந்தது.

அன்று பூங்கொடி தானாக வந்து கோகிலவாணியின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். மழை இல்லாத நாள். அவள் ரவிக்கையின் கழுத்து நனைந்திருந்தது.

"அம்மணி, நீங்க எழுதுனதுல கடைசி ரெண்டு பாகத்தையும் எடுத்துப்போடுங்."

"எதுக்குங்க்கா?"

"தீர்வு வேண்டாமுங். பலன் வேண்டாமுங். அந்த மொதப் பாகம் மட்டும் இருக்கட்டும். அவுரு அங்க நிக்கறாரு. நானும் அங்கயே நின்னுக்கறேன்."

"சங்கவி இருக்காளேக்கா."

"அவ பொழச்சுக்குவா" என்றாள் பூங்கொடி. சொல்லிவிட்டுக் கையிலிருந்த தூக்குப்போசியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். கோகிலவாணிக்குப் பயமாக இருந்தது. இரண்டு பாகத்தை அழிப்பது விரலால் தொடுகிற வேலை. தொட்டால் எதிரே இருக்கிற நாற்காலி காலியாகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. தான் வெட்டியெறிந்த ஒரு மனிதனின் சாவுதான் இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து பூங்கொடியைக் கேட்கிறது என்றும் தெரிந்தது. நோட்டை எடுத்தாள்.

"அக்கா, அன்னைக்கு மூணு மணி நேரம் சொன்னீங்க. நான் பாதிதான் எழுதுனேன். மறுபடி ஒருக்கா சொல்லுங்க. ஒண்ணும் விடமாட்டேன்."

பூங்கொடி தூக்குப்போசியை மேஜை மேல் வைத்தாள். பிறகு சொன்னாள். அன்று மத்தியானம் மூன்று மணி. அடுப்பில் பால். வானம் திடீரென்று கறுத்தது. இரண்டு பேரும்தான் எப்போதும் ஓடுவார்கள். அன்று பால் பொங்கி வந்தது. "நீங்க போங், நான் பின்னாலயே வர்றேன்னு சொன்னனுங். அவுரு வாசல்ல நின்னு திரும்பி என்னமோ சொன்னாரு. மழச் சத்தத்துல கேக்கல. போடி, நீயெல்லாம் ஒரு பொம்பளயான்னு சொன்னாரோ என்னமோ. நாலு வருசமா அத என்னென்னமோ வெச்சுப் பாத்துட்டேன். பால எறக்கி வெச்சுட்டுப் போறதுக்குள்ள விழுந்துருச்சு. அம்மணி, ஒரு படி பாலுக்காக அனுப்பிச்சனுங்."

கோகிலவாணி ஒரு சொல்லையும் கூட்டவில்லை, ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. எழுதி முடித்ததைச் சென்னியப்பனிடம் கொண்டுபோனாள். அவர் படித்துவிட்டுக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"வியாபாரம் பண்ற எடத்துல எழவ எழுதுனா எவன் வாங்குவான் கோகிலா?"

"அவரு செத்ததாலதானுங் சார் அந்தக்கா மிஷினே வாங்குனாங்க. அத எழுதலைன்னா நாம என்னத்த எழுதுனோம்?"

சென்னியப்பன் ஜன்னல் வழியாகப் பின்பக்கத்தைப் பார்த்தார். நீலத் தார்ப்பாய் விரிந்துகொண்டிருந்தது. "மிஷின எறக்க நாந்தான் போனேன்" என்றார். "போட்டோவுக்குப் போட்ட மாலை வாடக்கூட இல்ல. அந்தம்மா எனக்கு வரக்காப்பி குடுத்தாங்க. பால் இல்லீங்களான்னு கேட்டுத் தொலச்சுட்டேன்." காகிதத்தை அவளிடமே நீட்டினார். "போடு."

மதியம் இரண்டரைக்கு ஏற்றினாள். மூன்று மணிக்குக் காங்கேயத்துப் பக்கமிருந்து மேகம் வந்தது. அந்த ஐப்பசியில் வந்த முதல் உண்மையான மழை மேகம். ஒர்க் ஷாப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து மூலைகளைப் பிடித்தார்கள், டீக்கடை மயில்சாமி அடுப்பை அணைத்துவிட்டு வந்தார், வரவேற்பறை முன்னத்தவர்கள்கூட சாக்குகளோடு எழுந்து வந்து தாழ்வாரத்தில் நின்றார்கள். பூங்கொடி தளத்தின் ஓரத்தில் நின்றாள். கோகிலவாணி அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள். துணி சொதசொதவென்று இருந்தது, அதற்குள் கை இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தது.

குங்குமம் வைத்த பூங்கொடி தார்ப்பாயைக் கீழே விட்டாள். வந்த நாளிலிருந்து அவள் அதை விட்டதில்லை. எங்கோ பின்னால் எதையோ பார்த்துவிட்டு, "நீங்க போங். நான் பின்னாலயே வர்றேன்" என்றாள். எங்கிருந்தோ பால் தீய்கிற வாசம் வந்து தளம் முழுக்கப் பரவியது. எல்லோருக்கும் தெரிந்தது.

மழை பிடித்துக்கொண்டது. நாச்சிமுத்து நாலடி போனார், நின்றார், திரும்பினார். அவர் என்ன சொன்னார் என்பது வெப்சைட்டில் எழுதப்படவில்லை, ஏனென்றால் அது யாருக்கும் தெரியாது. எழுதாத இடத்தில் முன்னத்தவர்கள் பேசியதில்லை. வாயைத் திறந்து மூடுவார்கள், அவ்வளவுதான். கோகிலவாணி அவர் வாயையே பார்த்தாள். மழை தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நின்ற ஆளின் பேச்சுகூடக் கேட்கவில்லை. பூங்கொடி தன் முழங்கையை விடுவித்துக்கொண்டு மழைக்குள் இறங்கி, தளத்தைக் கடந்து, குங்குமம் வைத்தவள் பக்கத்தில் போய், அவள் தோளோடு தோளாக நின்றாள். நாச்சிமுத்து அந்த இருவரையும் பார்த்தார், அல்லது ஒருத்தியைப் பார்த்தார்.

"நீ வராத பூவு" என்றார். அந்த இரைச்சலிலும் அது தாழ்வாரம் வரைக்கும் கேட்டது. "பாசி புடிச்சிருக்குது. வழுக்கும்."

சொல்லிவிட்டுத் தார்ப்பாயின் ஒரு நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு மதில் பக்கமாக ஓடினார். வெளிச்சம் அடித்தது. சத்தம் அதற்குப் பிறகு வந்தது, ஊரே காதைப் பொத்திக்கொள்கிற சத்தம். கண் தெளிந்தபோது மதிலோரத்தில் தார்ப்பாய் மட்டும் கிடந்தது, அதன் மடிப்புகளில் மழைத்தண்ணீர் சேர்ந்துகொண்டிருந்தது. தளத்தின் நடுவில் ஒரே ஒரு பூங்கொடி நின்றிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது, தலை நரைத்திருந்தது, தொட்டால் கையில் தட்டுப்படுகிற உடம்போடு நடுங்கினாள். ஒர்க் ஷாப் பெண்கள் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் தாங்கி உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். மிஷின் ஒன்றை ஓடவிட்டு, அதன் வாய் திறந்து சூடு வரும் இடத்தில் உட்காரவைத்துத் தலையைக் காயவைத்தார்கள். சங்கவிக்குப் போன் போட்டு அவள் காதில் வைத்தார்கள். "ம். சாப்பட்டாச்சா? சித்த நேரத்துல பஸ் ஏறிருவேன். நாளைக்குத் தேங்கா ஒடைக்கணும்" என்று அவள் சொல்வது கேட்டது.

அவள் பேசி முடித்த பிறகு கோகிலவாணி நோட்டோடு பக்கத்தில் வந்து குத்தவைத்தாள். அவர் கடைசியாகச் சொன்னதைக் கேட்டவர்கள் அந்தத் தாழ்வாரத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். எழுதினால் கதை முழுசாகிவிடும். இத்தனை வருஷத்தில் அவள் எழுதியதிலெல்லாம் உருப்படியானது அதுவாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"அக்கா, அவரு சொன்னாருல்லங், அதையும் சேத்துப் போட்டரட்டுங்களா?"

பூங்கொடி ஈரத் தலைமயிரை முன்னால் வழித்துப் போட்டு, விரலால் சிக்கெடுத்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னாள்.

"வேண்டாமுங் அம்மணி. அது எனக்குச் சொன்னது."